கயிறு வேண்டாம், கூட்டம் வேண்டும்

நமது நாட்டில் காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகின்றவன்கூடக் குடிக்குச் சாமியிடம் போகின்றான். பல் வலித்தால் பல் வைத்தியரைத் தேடுகின்றவன், கால் ஒடிந்தால் கட்டுப்போட ஆள் தேடுகின்றவன், தன் தம்பியோ மகனோ குடியால் வயிறு வீங்கிக் கை நடுங்கி, காலையில் எழுந்தவுடன் ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியும் என்கின்ற நிலைக்கு வந்துவிட்டால் மட்டும், அவனைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, கையில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டி, "இனிக் குடித்தால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருகின்றான். இது என்ன நியாயம் என்று கேட்பதற்காகவே இந்த வியாசத்தை எழுதுகின்றோம்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கயிறு கட்டுகின்றவனைக் கண்டித்துவிட்டுப் போவது நமக்குச் சுலபமான காரியம். பழகிப்போன காரியமுங்கூட. ஆனால் இந்த விஷயத்தில் நம்மவர்களிடத்திலும் ஒரு குற்றம் இருக்கின்றது. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் பின்னால் சொல்லுகின்றோம். முதலில் கயிற்றைப் பார்ப்போம்.

கயிற்றின் யோக்கியதை

கயிறு கட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் குடியை நிறுத்தினார்கள் என்று பூசாரியைக் கேட்டுப் பாருங்கள். அவரிடம் கணக்கு இருக்காது. காணிக்கைக்குக் கணக்கு உண்டு. கயிறு அறுந்ததற்குக் கணக்கு இல்லை. நிறுத்தினவன் ஒருவன் அகப்பட்டால் அவனை ஊர் முழுவதும் காட்டுவார்கள். திரும்பவும் குடித்தவன் நூறு பேர் என்றால், "அவனுக்குப் பக்தி போதவில்லை" என்பார்கள். ஜெயித்தால் சாமிக்குப் பெருமை. தோற்றால் ஆசாமிக்குக் குற்றம். இப்படிப்பட்ட வியாபாரம் வேறு எங்கேயாவது உண்டா? ஒரு மருந்துக் கடைக்காரன், "குணமானால் என் மருந்து, குணமாகாவிட்டால் உன் புத்தி" என்று சொன்னால் அவனை விடுவோமா?

"அப்படியானால் ஐயப்பனுக்கு மாலை போட்டவன் 41 நாளும் குடிக்காமல் இருக்கின்றானே, அது எதனால்?" என்று ஓர் ஆஸ்திகர் நம்மைக் கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். இதற்கு ஜவாப் சொல்லாமல் போவது நியாயமல்ல.

மாலை போட்டவன் என்ன செய்கின்றான் என்று பாருங்கள். விடியுமுன் எழுந்து குளிக்கின்றான். உடையை மாற்றுகின்றான். நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவனெல்லாம் "சாமி" என்று கூப்பிடுகின்றான். பழைய குடிக் கூட்டாளிகள் தாமாகவே ஒதுங்கிப்போகின்றார்கள்; "மாலை போட்டிருக்கின்றாய், நீ வராதே" என்று அவர்களே தடுக்கின்றார்கள். கடை திறந்திருக்கும் மாலை நேரத்தில் இவன் இருபது பேரோடு உட்கார்ந்து பஜனை பாடுகின்றான். அந்த இருபது பேரும் இவனைப் போலவே இன்று குடிக்காதவர்கள். இத்தனையும் மனிதர்களுக்கு மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகின்றான். அன்றைக்கு ஐயப்பன் எங்கேயும் போய்விடவில்லை. பக்தர்கள் சொல்லுகின்றபடி பார்த்தால் எங்கும் நிறைந்துதான் இருக்கின்றார். பின்னே போனது எது? கூட்டம் போயிற்று. "சாமி" என்கின்ற மரியாதை போயிற்று. மாலை நேரத்து வேலை போயிற்று. அன்று பொழுது சாய்வதற்குள் எத்தனை பேர் பழைய கடை வாசலில் நிற்கின்றார்கள் என்பதை ஊரார் அறிவார்கள். ஆகவே 41 நாள் அவனைத் தாங்கியது எது என்பதை 42ஆம் நாளே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

பேயும் பொடியும்

இதில் உயிருக்கே ஆபத்தான சங்கதி ஒன்று இருக்கின்றது. தினமும் ஏராளமாகக் குடித்துப் பழகினவன் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சும்மா இருப்பதில்லை. வருஷக்கணக்காகச் சாராயத்தால் அமுக்கப்பட்டிருந்த நரம்பு மண்டலம், அந்த அமுக்கல் நீங்கியவுடன் கட்டுக்கடங்காமல் துள்ள ஆரம்பிக்கின்றது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வேர்வையும் வரும். முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லுவான். செத்துப்போனவர் கூப்பிடுவதாகச் சொல்லுவான். கிழமை தெரியாது, பெண்டாட்டி முகம் தெரியாது. இதை டாக்டர்கள் டெலீரியம் ட்ரெமன்ஸ் என்கின்றார்கள். வைத்தியம் செய்யாவிட்டால் ஆள் செத்துப்போகவும் கூடும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் டயஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசியும் போட்டுக் காப்பாற்றிவிடுகின்றார்கள்.

நமது கிராமத்தில் நடப்பது என்ன? செவ்வாய்க்கிழமை கயிறு கட்டுகின்றார்கள். வியாழக்கிழமை அவன் சுவரைப் பார்த்துக் கத்துகின்றான். "கயிறு கட்டியதால் உள்ளேயிருந்த பேய் வெளியே வருகின்றது" என்று சொல்லி வேப்பிலையால் அடிக்கின்றார்கள். வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்கின்றார்கள். செத்தால் விதி என்கின்றார்கள். விதியல்ல தோழர்களே, இது வைத்தியம் செய்யாத குற்றம்.

இன்னொரு புரட்டு பொடி. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்து விற்கின்றார்கள். அதில் என்ன இருக்கின்றது என்று வாங்குகின்ற பெண்ணுக்கும் தெரியாது, சாப்பிடுகின்ற ஆணுக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே மோசம் வரலாம். அதனால்தான் யோக்கியமான டாக்டர் எவரும் நோயாளிக்குச் சொல்லாமல், அவன் சம்மதமில்லாமல் அதைக் கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட மருந்து சோற்றில் ஒளிந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் செய்தது என்ன?

"சாமி வேண்டாம், சர்க்கார் கடையை மூடினால் போதும்" என்பவர்களும் உண்டு. கடை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவகாரம். அதை இங்கே தீர்க்க வரவில்லை. ஆனால் சரித்திரத்தை மட்டும் பாருங்கள். 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் நீக்கினார்கள். 1974இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். பிறகு மறுபடியும் திறந்தார்கள். 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கின்றது. கடை இத்தனை தடவை மூடியும் திறந்தும் இருக்க, குடிநோயாளி மட்டும் எல்லாக் காலத்திலும் இருந்தான். திறந்தபோது கடையில் குடித்தான். மூடினபோது மறைவில் குடித்தான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தால் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். சர்க்கார் கடை திறந்திருந்த காலத்திலேயே அது நடந்தது. ஆகவே எந்தச் சட்டம் இருந்தாலும், குடியில் அகப்பட்டுக்கொண்ட மனிதனை வெளியே எடுக்கின்ற வேலை தனியே பாக்கி இருக்கின்றது. அந்த வேலையைச் செய்வது யார்?

அக்ரான் ஊரில் நடந்தது

அமெரிக்காவில் பில் வில்சன் என்று ஒரு பங்கு வியாபாரி இருந்தார். பெருங்குடிகாரர். 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தமக்கு ஒரு தெய்வீக ஒளி தெரிந்ததாகச் சொன்னார். குடியை நிறுத்தினார். அதன் பிறகு பல மாத காலம் குடிகாரர்களைத் தேடிப் பிடித்து அந்த ஒளியைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் உபதேசம் செய்தார். எத்தனை பேர் திருந்தினார்கள்? ஒருவரும் இல்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே, "உபதேசத்தை நிறுத்து, இது உடம்பைக் கெடுக்கும் வியாதி என்பதை முதலில் சொல்லு" என்று புத்தி சொன்னார்.

1935 மே மாதம் வியாபார விஷயமாக ஒஹையோ மாகாணத்தில் அக்ரான் என்கின்ற ஊருக்குப் போனார். காரியம் தோற்றுப்போயிற்று. கையில் காசில்லை. ஓட்டல் கூடத்தில் ஒரு பக்கம் குடிக்கின்ற இடம். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கின்றது. நாக்கு ஊறுகின்றது. ஒளி கண்டவர்தானே, அந்த ஒளி அப்போது அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? அதை நம்பி அவர் சும்மா உட்காரவில்லை. டெலிபோனை எடுத்தார். ஊரிலுள்ள பாதிரிமார்களைக் கூப்பிட்டார். எதற்காக? பிரார்த்தனை செய்வதற்கு அல்ல. "இந்த ஊரில் என்னைப்போல ஒரு குடிகாரன் இருந்தால் சொல்லுங்கள், அவனோடு நான் பேச வேண்டும்" என்பதற்காக!

கிடைத்தவர் பாப் ஸ்மித் என்கின்ற டாக்டர். கை நடுங்கிக்கொண்டே ஆபரேஷன் செய்துவந்த குடிகார டாக்டர். "15 நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன்" என்று சொல்லி வந்தவர் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த தேதி 1935 ஜூன் 10. அந்தத் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்கின்ற சங்கத்தின் பிறந்த நாளாகச் சொல்லுகின்றார்கள். 1957இல் அது இந்தியாவுக்கும் வந்தது. இன்று தமிழ்நாட்டு நகரங்களிலும் அதன் கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன.

இதிலிருந்து என்ன ஏற்படுகின்றது? கடவுளைக் கண்டதாகச் சொன்ன மனிதருக்கே ஆபத்து வேளையில் தேவைப்பட்டது இன்னொரு மனிதன். அதுவும் நல்லவன் அல்ல, படித்தவன் அல்ல, தன்னைப்போலவே விழுந்தவன். விழுந்தவன் சொன்னால் விழுந்தவன் கேட்கின்றான். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

நாம் செய்த குற்றம்

இனி நம்முடைய கதைக்கு வருவோம். நம் ஊரில் ஒரு விசைத்தறித் தோழர் இருந்தார். நமது பொதுக்கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து கம்பம் நடுவார், நாற்காலி சுமப்பார், கடைசி ஆளாக விளக்கை அணைத்துவிட்டுப் போவார். தாலியில்லாமல் கலியாணம் செய்துகொண்டவர். குடி அவரைப் பிடித்தபோது நாம் என்ன செய்தோம்? "பகுத்தறிவு உள்ளவன் குடிப்பானா? உமக்கு வெட்கமாயில்லையா?" என்று கேட்டோம். தலை குனிந்து "இனி இல்லை அண்ணே" என்று சத்தியம் செய்தார். ஒரு வாரத்தில் மீறினார். திரும்பக் கண்டித்தோம். இப்போது யோசித்தால், நாம் செய்ததும் ஒரு கயிறுதான். மஞ்சளுக்குப் பதிலாகக் கறுப்புக் கயிறு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாளில் உடம்பு தெளிந்து வெளியே வந்தார். டாக்டர் அவரிடம், "மருந்து செய்கின்ற வேலை முடிந்தது. இனி உமக்கு ஆட்கள் வேண்டும். பக்கத்து ஊரில் சனிக்கிழமை மாலை கூட்டம் நடக்கின்றது, போய் உட்காரும்" என்று சொல்லியிருக்கின்றார். தோழர் ஒரு தடவை போனார். மறுநாள் படிப்பகத்துக்கு வந்து, "அண்ணே, அங்கே முடிவில் எல்லோரும் எழுந்து நின்று பிரார்த்தனை செய்கின்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்" என்றார். நாம் சிரித்தோம். முதுகில் தட்டி, "அதுதான் சுயமரியாதை" என்றோம். சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். திரும்ப அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

எட்டாவது மாதம் ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். வயது 41. அவர் இஷ்டப்படியே சடங்கு எதுவும் இல்லாமல் அடக்கம் செய்தோம். இரங்கல் கூட்டத்தில் கொள்கை வீரர் என்று பேசினோம். எல்லோரும் போன பிறகு அவருடைய துணைவியார் நம்மிடம், "அண்ணா, அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். நீங்கள் சொன்னால் கேட்பார்" என்றார். இதற்கு அன்றும் நம்மிடம் ஜவாப் இல்லை, இன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகின்றோம்.

அந்தப் படிகளின் கணக்கு

ஏ.ஏ. சங்கத்தார் 12 படிகள் என்று வைத்திருக்கின்றார்கள். அதில் ஆறு படிகள் கடவுளையோ, நம்மிலும் பெரிய ஒரு சக்தியையோ பற்றிப் பேசுகின்றன. 1939இல் அவர்கள் புஸ்தகம் அச்சிட்டபோதே அக்கூட்டத்தில் இருந்த நாஸ்திகர்கள் சண்டை போட்டதால், "நாம் அறிந்துகொண்டபடியான கடவுள்" என்று ஒரு சமரச வார்த்தையைச் சேர்த்தார்கள். சமரசம் செய்தாலும் கடவுள் கடவுள்தான். அதை நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. கிறிஸ்தவப் பக்திக் கூட்டம் ஒன்றிலிருந்து அச்சங்கம் பிறந்ததால் வந்த வாசனை அது.

கடவுளை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று பாருங்கள். குடியின் முன் என் பலம் செல்லவில்லை என்று ஒப்புக்கொள்ளுவது. நான் செய்த காரியங்களை அஞ்சாமல் கணக்கெடுப்பது. யாருக்கெல்லாம் தீங்கு செய்தேன் என்று எழுதுவது. அவர்களிடம் போய் ஈடு செய்வது. நாள்தோறும் அந்தக் கணக்கைத் தொடருவது. இன்னொரு குடிநோயாளிக்குக் கை கொடுப்பது. இதில் எதை ஒரு பகுத்தறிவுவாதி மறுக்கக்கூடும்? பாவத்தைக் காவேரியில் கழுவலாம் என்பதைவிட, அடித்த பெண்டாட்டியிடம் போய் மன்னிப்புக் கேள் என்பது நூறு மடங்கு அறிவுள்ள போதனை அல்லவா?

"அதனால் பலன் உண்டா? கயிற்றுக்குக் கேட்ட கணக்கை இதற்கும் கேட்போம்" என்று நம் தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். காக்ரேன் என்கின்ற வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனம் 2020இல் இதை ஆராய்ந்தது. 27 ஆராய்ச்சிகள், 10,565 நோயாளிகள். ஏ.ஏ. வழியில் முறையாகச் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து அடியோடு குடிக்காமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர். வேறு நல்ல சிகிச்சை பெற்றவர்களில் 35 பேர். இது சர்வரோக நிவாரணி அல்ல. பாதிப்பேருக்கு மேல் தவறுகின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கணக்கு வைத்திருக்கின்றார்கள், தோல்வியையும் எண்ணுகின்றார்கள். கயிறு கட்டுகின்றவர் இதைச் செய்யட்டும், பார்ப்போம்.

அந்தப் பலன் எதனால் வருகின்றது என்பதையும் ஆராய்ந்திருக்கின்றார்கள். கடும் குடியர் சிலருக்குப் பக்தியும் கொஞ்சம் துணை செய்ததாகத் தெரிகின்றது. ஆனால் முக்கியமான பங்கு, குடிக்கின்ற நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் கூடுவதும், குடிக்காமல் நாலு பேரோடு பழக முடியும் என்கின்ற தைரியமும்தான். மாலை போட்டவனின் கதையேதான் இங்கேயும். ஆனால் இங்கே 42ஆம் நாள் கூட்டம் கலைவதில்லை.

சுயமரியாதைக்குக் குறைவா?

"நான் குடியின் முன் சக்தியற்றவன் என்று பத்துப் பேர் முன்னே சொல்லுவது சுயமரியாதைக்குக் குறைவல்லவா?" என்று ஒரு வாலிபத் தோழர் கேட்டார். நீரிழிவுக்காரன் "என் உடம்பு சர்க்கரையைத் தாங்காது" என்று சொன்னால் அவனுக்கு மானம் போய்விட்டதா? உண்மையைச் சொல்லுவதில் மானம் போவதில்லை. சாக்கடையில் விழுந்து கிடப்பதும், பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தைத் திருடுவதும், காலையில் எழுந்து "நான் குடிக்கவேயில்லை" என்று பொய் சொல்லுவதும்தான் மானத்தைக் கெடுப்பவை.

அந்தக் கூட்டத்தில் வேறு ஒரு சங்கதியையும் நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். அங்கே உம்முடைய ஜாதி என்ன, மதம் என்ன, உத்தியோகம் என்ன என்று விதிப்படி யாரும் கேட்பதில்லை. பெயரை மட்டும் சொன்னால் போதும், முழுப்பெயர்கூட வேண்டாம். குடியை நிறுத்த வேண்டும் என்கின்ற ஆசை ஒன்றுதான் யோக்கியதாம்சம். கட்டணம் கிடையாது, முடிந்தவர் உண்டியலில் போடலாம், முடியாதவர் சும்மா இருக்கலாம். வெளியார் பணத்தை அவர்கள் வாங்குவதில்லை. தாசில்தாரும் துப்புரவுத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டீயைக் குடித்து ஒருவர் கதையை ஒருவர் கேட்க வேண்டிய இடம் அது. நாம் மேடை போட்டுப் பேசுவதை அவர்கள் பேசாமல் செய்கின்றார்கள்.

அதற்காக அந்தச் சங்கத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கனடாவில் டொராண்டோ நகரத்தில் கடவுள் இல்லாமல் படிகளைத் திருத்தி எழுதிக்கொண்ட இரண்டு குழுக்களை 2011இல் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். மனித உரிமை மன்றம் வரைக்கும் போய், 2017இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் கைதிகளை இக்கூட்டத்துக்குப் போகும்படி கட்டாயப்படுத்தியதும் உண்டு. ஒரு பௌத்தர் தொடுத்த வழக்கில், மத வாசனையுள்ள கூட்டத்துக்குப் போகும்படி சர்க்கார் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2007இல் மேல்கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். கட்டாயத்தை நாமும் எதிர்க்கின்றோம். ஆனால் கட்டாயத்தை எதிர்ப்பது வேறு, வேண்டியவன் தானாகப் போவதைக் கேலி செய்வது வேறு.

நாஸ்திகர்களும் சும்மா இருந்துவிடவில்லை. சிகாகோவில் 1975இல் நாஸ்திகருக்கென்றே ஏ.ஏ. கூட்டம் ஆரம்பித்தார்கள். அதே 1975இல் ஜீன் கிர்க்பாட்ரிக் என்கின்ற அம்மையார், "பெண்ணுக்கு இன்னும் பணிவைக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை, தன்மதிப்பைக் கற்றுக் கொடுக்க வேண்டும்" என்கின்ற கருத்தில் பெண்களுக்குத் தனிச் சங்கம் வைத்தார். ஜேம்ஸ் கிறிஸ்டஃபர் என்பவர் 1985இல் மூட நம்பிக்கை இல்லாமலே குடியை விடலாம் என்று எழுதி, அதிலிருந்து ஒரு மதச்சார்பற்ற சங்கத்தை உண்டாக்கினார். 1994 முதல் ஸ்மார்ட் ரிக்கவரி என்கின்ற ஸ்தாபனம் கடவுள் பேச்சே இல்லாமல் மனோதத்துவ முறைப்படி கூட்டங்கள் நடத்துகின்றது. கைப்பேசி வழியாகவும் அதில் உட்காரலாம். இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு அது இன்றே கிடைக்கும்.

போவது எப்படி?

முதலாவது, தினமும் அதிகமாகக் குடிப்பவர் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கின்றது. முதலில் அங்கே போக வேண்டும்.

இரண்டாவது, கூட்டம் எங்கே நடக்கின்றது என்று அங்குள்ள டாக்டரையோ ஆலோசகரையோ கேட்க வேண்டும். 14446 என்பது குடி, போதை சம்பந்தமாகச் சர்க்கார் வைத்திருக்கும் இலவச டெலிபோன். 14416 மனநல ஆலோசனைக்கு. ஏ.ஏ. சங்கத்தாரின் பட்டியலிலும் ஊர், கிழமை, நேரம் இருக்கும்.

மூன்றாவது, கூட்டம் சர்ச்சைச் சேர்ந்த அறையிலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கலாம். அதைக் கண்டு திரும்பிவிட வேண்டாம். வாடகை குறைவு என்பதால் அந்த இடம். மதம் மாற்ற அல்ல. "திறந்த கூட்டம்" என்றால் யாரும் போகலாம், மனைவியும் கூடப் போகலாம். "மூடிய கூட்டம்" என்றால் குடியை விட விரும்புகின்றவர் மட்டும். முதல் நாள் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு கூட்டத்துக்குப் போகலாம். ஒரு தடவை போய்விட்டு முடிவு கட்டாமல், ஆறு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். "இன்று ஒரு நாள் மட்டும் குடிப்பதில்லை" என்பது அவர்கள் முறை. ஆயுள் பரியந்தம் சத்தியம் செய்யச் சொல்லுகின்ற பூசாரியைவிட அது அறிவுள்ளது. ஏனெனில் ஒரு நாளை எவனும் அளந்து பார்க்க முடியும்.

நான்காவது, பிரார்த்தனை. நமக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் தோழர் மூன்று வருஷமாகக் குடிக்காமல் இருக்கின்றார். கறுப்புச் சட்டைக்காரர். "பிரார்த்தனைக்கு என்ன செய்கின்றீர்?" என்று கேட்டோம். "அந்த நேரம் பார்த்து டீ கிளாஸ் கழுவப் போய்விடுவேன் அண்ணே. அவர்களுக்கும் தெரியும். இதுவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை" என்றார். அவர் கொள்கையும் இருக்கின்றது, ஆளும் இருக்கின்றார்.

ஐந்தாவது, வீட்டார். குடிகாரனோடு வாழ்கின்ற பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தனியாகக் கூட்டம் உண்டு. 1951இல் தொடங்கிய ஆல்-அனான் என்பது அது. அவன் குடிப்பது உன் குற்றமல்ல என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? "உன் மாங்கல்ய பலம் போதாது" என்று அவள் தலையில் சுமத்துகின்ற நாட்டில் இதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை. குடிக்கின்ற பெண்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் வெட்கத்தால் வீட்டுக்குள்ளேயே சாகின்றார்கள். அவர்களுக்கும் இதே வழி திறந்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! அங்கே கடவுள் இருக்கின்றார் என்று குறை சொல்லுகின்ற நாம், கடவுள் இல்லாத கூட்டம் ஒன்றை நம் ஊரில் நடத்தினோமா? நமக்குப் படிப்பகங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் மாலை ஏழு மணிக்கு மேல் அங்கே ஈ ஓட்டுகின்றோம். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் அந்த அறையைக் குடியை விட விரும்புகின்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். பத்து நாற்காலி, ஒரு சொம்பு தண்ணீர், டீ. வேறு ஒன்றும் வேண்டாம். ஏற்கனவே நிறுத்தினவர் ஒருவர் நடத்தட்டும். பிரசங்கம் வேண்டாம், உபதேசம் வேண்டாம், நம்முடைய கொள்கைப் பிரசாரமும் அந்த ஒரு மணி நேரம் வேண்டாம். அங்கே கேட்டதை வெளியே சொல்ல வேண்டாம். விபூதி பூசினவன் வந்தாலும், தொழுகை முடித்தவன் வந்தாலும் நாற்காலி கொடுங்கள். நடத்துகின்றவர் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரோடு பழக்கம் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படி ஒன்று உண்டாகின்ற வரைக்கும், உள்ள கூட்டத்துக்குப் போங்கள், அனுப்புங்கள், கூடவே துணைக்குப் போங்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியே வருகின்றவன், ஏணி எந்த மதத்துத் தச்சன் செய்தது என்று கேட்பதில்லை. இறங்கிவிட்டுப் பிறகு வேறு நல்ல ஏணி செய்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கயிறு கட்டுகின்றவன் மனிதனைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுகின்றான். "பகுத்தறிவு இருந்தால் குடிப்பானா" என்று கேட்டுவிட்டுப் போகின்றவனும் அதே காரியத்தைத்தான் செய்கின்றான். மனிதனுக்கு மனிதன்தான் துணை என்பது நமது கொள்கையானால், அதை மேடையில் சொன்னால் போதாது. இந்தச் சனிக்கிழமை மாலை நம் தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டி, "வாரும், நானும் கூட வருகின்றேன்" என்று சொல்லப்போகின்றோம் என்பதுதான் கேள்வி. அந்த விசைத்தறித் தோழருக்கு நாம் அதைச் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.